தோள்மூட்டு நோ, ஒட்டாத எலும்பு: யாருக்காவது இருந்ததா?

நீர்வேலிப் பெடியன்:
வொலிபோல் விளையாடுகிறவர்களுக்குத் தோள் நோ புதிதில்லை. எனக்குக் கையைப் பக்கவாட்டில் தூக்கினால் பாதி வழியில் பிடிக்கும், அதைத் தாண்டி மேலே போனால் குறையும். இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க ஏலாது. முதலில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று பனடோல் தந்து அனுப்பினார்கள். பிறகு பார்த்த எலும்பு வைத்தியர் தோளின் மேல்நுனியை ஒரு விரலால் அழுத்தினார். கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். "அக்குள் பக்கமாக ஒரு படம் எடுத்துக்கொண்டு வாரும்" என்றார்.

அந்தப் படம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தோளுக்குக் கூரையாக இருக்கும் அக்ரோமியன் எலும்பின் முன்துண்டு தனியாக, நடுவே கறுப்புக் கோடு. முறிவு என்றே நினைத்தேன். மற்றத் தோளையும் எடுக்கச் சொன்னார். அதிலும் அதே கோடு! ஒஸ் அக்ரோமியாலே என்றார். 25 வயதுக்குள் ஒட்டவேண்டிய துண்டு சிலருக்கு ஒட்டாதாம். கை தூக்கும்போது தோளை மூடியிருக்கும் டெல்டோயிட் தசை அதைக் கீழே இழுக்க, அடியில் ஓடும் தசைநாண் (தசையை எலும்போடு பிணைக்கும் நார்) நசிகிறது. சரி, இரண்டு பக்கமும் இருக்கிறதென்றால் ஏன் ஒன்று மட்டும் நோகிறது?

சுன்னாகத்து மகள்:
என் அப்பாவுக்கும் இதே. வெங்காயத்துக்கு மருந்து அடிக்கிறவர். முறிவு நெரிவு வைத்தியர் ஒருவர் படத்தைப் பார்த்து "முறிஞ்சிருக்கு" என்று மருந்துப் புக்கை வைத்துக் கையை மடக்கிக் கட்டிவிட்டார். கட்டு அவிழ்த்த அன்று அப்பாவால் சேர்ட் போட முடியவில்லை. அம்மாதான் கையைப் பிடித்து நுழைத்தா. அப்பா அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முறியாத எலும்புக்கு ஏன் கட்டு? இன்னும் ஆறவில்லை எனக்கு.

பிறகு தோளுக்குள் ஊசி போட்டார்கள். விறைப்பு மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் நோ இறங்கியது. நோ எங்கிருந்து வருகிறதென்று அதை வைத்தே உறுதி செய்தார்கள். ஆனால் ஸ்டீரொயிட் சேர்ந்த ஊசி, அப்பாவுக்குச் சீனி வருத்தம். சில நாள் சீனி ஏறும் என்று முதலே சொல்லியிருக்கவேண்டும்.

கொக்குவில் வாசகர்:
தங்கச்சி, புக்கை கட்டியவரை மட்டும் குறை சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரிகளிலும் இந்தக் கோட்டை முறிவு என்று எண்ணுவதுண்டு. விழாமல், அடிபடாமல் வந்த நோ, துண்டின் ஓரமும் மழுங்கி இருக்கிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்கவேண்டும்.

எனக்கும் அந்தக் கோடு உண்டு, வேறொன்றுக்கு எடுத்த படத்தில் தெரிந்தது. நோவே இல்லை. பலருக்கு அப்படித்தான். தம்பி, ஆகவே கோடு இருக்கிறது என்பதற்காகக் கத்திக்குப் போகாதீர். தசைநாண் கிழிந்திருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாரும். தலைக்கு மேலே பந்தை அடிப்பதைக் கொஞ்சக் காலம் விட்டு, பிசியோவிடம் தோள்பட்டைத் தசைகளைப் பலப்படுத்தும். மாதக்கணக்கில் செய்தும் சரிவராவிட்டால்தான் சத்திரசிகிச்சை. சின்னத் துண்டென்றால் எடுத்துவிடலாம். பெரிய துண்டை எடுத்தால் டெல்டோயிட் பலம் குறையும், அதனால் ஸ்குரூவும் கம்பியும் வைத்து ஒட்டவைக்கப் பார்ப்பார்கள். சும்மா எலும்பைச் சீவிவிடலாம் என்று யாராவது சொன்னால் இரண்டு தரம் கேளும். 2018 இல் லான்செட் மருத்துவ சஞ்சிகையில் வந்த பிரித்தானிய ஆய்வில், எலும்பைச் சீவியவர்களுக்கும் துளைபோட்டு உள்ளே பார்த்ததோடு விட்டவர்களுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இருக்கவில்லை. அது பொதுவான தோள் நசிவுக்குச் செய்த ஆய்வு, இந்த ஒட்டாத துண்டுக்கென்று செய்ததல்ல. என்றாலும் அவசரப்படாமல் இருக்க அது போதும்.

நீர்வேலிப் பெடியன்:
அண்ணை, நான் சத்திரசிகிச்சை என்று சொல்லவே இல்லையே. பிசியோ போகிறேன், றப்பர் பட்டி இழுக்கிறேன், இரவு நோ குறைந்துவிட்டது. அக்கா, அப்பா திரும்ப மருந்து அடிக்கிறாரா?

சுன்னாகத்து மகள்:
அடிக்கிறார். கையால் பம்ப் பண்ணுகிற டாங்கியை விட்டு மோட்டர் மெஷின் வாங்கிக் கொடுத்தோம். தோள் வார்ப்பட்டி அந்த நுனியில் அழுத்தாமல் உள்ளே தள்ளிப் போடச் சொன்னவர் பிசியோதான். அது நல்லாக உதவியது.