மான் வேட்டைக்கு ரைபிளா, ரிவால்வரா?

குறிபார்ப்பவன்:
அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் வாங்கும் ரூகர் கம்பெனியின் இரண்டு துப்பாக்கிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று 2012-இல் வந்த ‘அமெரிக்கன்’ ரைபிள், .308 என்ற வகைத் தோட்டா. இன்னொன்று 1959-இல் அறிமுகமான ‘சூப்பர் பிளாக்ஹாக்’ ரிவால்வர், .44 மேக்னம் தோட்டா. என்னைக் கேட்டால் ரிவால்வர் அலமாரியில் வைக்கத்தான் லாயக்கு. .308 குண்டு குழலை விட்டுக் கிளம்பும்போது ஏறக்குறைய 3,500 ஜூல்; .44-க்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான். 200 கெஜத்தில் நிற்கும் மானை ரைபிள்காரர் ஸ்கோப்பில், அதாவது மேலே பொருத்திய தொலைநோக்கியில் பார்த்து நிதானமாகச் சுடுவார். ரிவால்வர்காரர் வேடிக்கை பார்க்கலாம்.

பழைய_இரும்பு:
தூரத்தையும் நீங்களே வைத்து, ஜெயித்தது யார் என்றும் நீங்களே சொல்கிறீர்கள். அடர்ந்த காட்டில் மான் கண்ணில் படுவதே 40, 50 கெஜத்தில்தான். குண்டு நுரையீரல் வழியாகப் போனதா என்பதுதான் கணக்கு, எத்தனை ஜூல் என்பதில்லை.

குறிபார்ப்பவன்:
அங்கே படவைப்பதுதானே பாடு! ரைபிளைத் தோளும் கன்னமும் இரண்டு கையும் தாங்குகின்றன. ரிவால்வரை நீட்டிய கைதான் தாங்க வேண்டும். விசையைக் கொஞ்சம் வெட்டி இழுத்தாலும் குண்டு வயிற்றில் பாயும், மான் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். இதில் என்ன வீரம்?

பழைய_இரும்பு:
அப்படிச் சுடுகிறவர் ரைபிள் எடுத்தாலும் 300 கெஜத்தில் அதையேதான் செய்வார். ஸ்கோப் இருக்கிற தைரியத்தில் தூரத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் இல்லையா?

ஓஹையோ_குளிர்:
எங்கள் ஓஹையோ மாநிலத்தில் உங்கள் .308-க்கு மான் வேட்டையில் இடமே இல்லை. தட்டை நிலம், வயலுக்கு நடுவே வீடுகள். தவறிய குண்டு எங்கே போய் நிற்குமோ என்ற பயம். உங்கள் .308 மாதிரி கழுத்து குறுகியதாக இல்லாத, நேரான கூடுள்ள தோட்டா போடும் ரைபிளையே 2014-இல்தான் அனுமதித்தார்கள். .44 ரிவால்வருக்கோ குழல் 5 அங்குலம் இருந்தால் போதும்.

குறிபார்ப்பவன்:
ரைபிள் குண்டு தூரம் போகிறது என்றுதானே தடை? அது என் பக்கத்துச் சாட்சி! ஓஹையோவுக்கு அதே ரைபிளை நேரான கூடுள்ள .450 புஷ்மாஸ்டர் தோட்டாவுக்கு வாங்கிக்கொண்டு வருவேன்.

புதுசு:
நடுவில் ஒரு சந்தேகம். பழைய பாணி ரிவால்வரில் ஆறு அறை இருந்தும் ஐந்துதான் நிரப்ப வேண்டுமாமே?

பழைய_இரும்பு:
1873-இல் வந்த கோல்ட் கம்பெனி ரிவால்வரின் அமைப்பில் அப்படித்தான் தம்பி. சுத்தியல் தோட்டாவின் மேலேயே உட்கார்ந்திருக்கும். கீழே விழுந்தால் வெடித்துவிடும். அதனால் அந்த அறையைக் காலியாக விடுவார்கள். ரூகரும் முதலில் அதே வழியில்தான் செய்தது. 1973-இல் நடுவே ஒரு இரும்புப் பட்டையை வைத்தது. விசையை இழுத்தால்தான் அது மேலே எழுந்து சுத்தியலின் அடியைத் தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசிக்குக் கடத்தும். ஆக, பழையது வாங்கினால் எந்த ஆண்டு என்று பாருங்கள். மாற்றாததை அனுப்பினால் கம்பெனியே இலவசமாக மாற்றித் தரும்.

குறிபார்ப்பவன்:
தம்பி, மாற்றி வாங்கி அலமாரியில் வையுங்கள். காட்டுக்கு ரைபிள்.