ஃபைப்ராய்டு என்று எண்ணிய கட்டி சர்கோமாவாக இருந்தபோது

கருப்பையில் வரும் தீங்கற்ற தசைக்கட்டியான ஃபைப்ராய்டு, மாதவிடாய் நின்ற பிறகு பொதுவாகச் சுருங்கும். கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் என் அத்தைக்கோ அது வளர்ந்தது, இரத்தப்போக்கும் திரும்பியது. ஈரோட்டில் எடுத்த ஸ்கேன், சாதாரணக் கட்டி என்றே சொன்னது. கருப்பையின் உட்சுவரைச் சுரண்டி எடுத்த பயாப்சியிலும் புற்றணுக்கள் இல்லை. "ஒண்ணுமில்லீன்னு சொல்லிப்போட்டாங்கல்ல கண்ணு, அப்பறம் எதுக்குப் பெரிய ஆபரேசன்?" என்று அத்தை கேட்டார். ஆனால் சர்கோமா வகைத் தசைப் புற்றுநோயான லியோமயோசர்கோமா, கருப்பையின் தசைச் சுவருக்குள் உருவாவது என்பதால், சுரண்டலில் அது அகப்படாமல் போவதுண்டு என்று கோவை மருத்துவர் பொறுமையாக விளக்கினார்.

சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவையில் கட்டியைத் துண்டாக்கி எடுத்தால் தழும்பு சிறிதாக இருக்கும் என்று உறவினர்கள் வற்புறுத்தினார்கள். மருத்துவர் இசையவில்லை. உள்ளே சர்கோமா இருந்தால் துண்டாக்கும்போது வயிறெங்கும் சிதறிவிடும், அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014-இல் எச்சரித்ததும் இதைத்தான். கருப்பையை முழுதாகவே எடுத்தார்கள். அந்த உறுதிக்கு எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

அதன் பிறகும் தெளிவு உடனே வரவில்லை. முதல் ஆய்வகம் 'தீங்கற்றதா என்று உறுதியாகக் கூற இயலாத தசைக்கட்டி' என்று எழுதியது. செல்பிரிவின் எண்ணிக்கை, செல்களின் உருமாற்றம், கட்டி செத்துப்போன பகுதிகள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருப்பதால், பழகிய கண்களே தயங்கும் இடம் இது. திசுவின் ஸ்லைடுகளையும், அது பதிக்கப்பட்ட, பென்சிலால் எண் எழுதிய மெழுகு பிளாக்குகளையும் கேட்டு வாங்கி, புற்றுநோய் நோயியல் வல்லுநர் ஒருவரிடம் கொடுத்தோம். லியோமயோசர்கோமா என்று உறுதியானது.

நோய் எவ்வளவு பரவியுள்ளது என்னும் நிலை கணிப்பிலும் ஒரு குழப்பம். கருப்பை உட்படலப் புற்றுநோய்க்குரிய அளவுகோலை வைத்து, தசையில் எத்தனை ஆழம் ஊடுருவியது என்று ஓர் அறிக்கை கணக்கிட்டிருந்தது. மகளிர் மருத்துவர்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிகோ 2009-இல் சர்கோமாவுக்கெனத் தனி வகைப்பாடு வகுத்துள்ளது; கருப்பைக்குள்ளேயே அடங்கிய கட்டி 5 செ.மீ. வரை இருந்தால் 1ஏ, அதைத் தாண்டினால் 1பி. அத்தையுடையது 1பி. இந்நோய் இரத்தத்தின் வழியே நுரையீரலுக்குப் பரவக்கூடியது. எங்களிடம் இருந்ததோ வயிற்று சி.டி. மட்டுமே. மார்பு சி.டி.யும் எடுத்து, அது தெளிவாக இருந்த பின்னரே அந்த நிலையை ஏற்றோம்.

இந்நிலையில் கீமோவால் ஆயுள் கூடும் என்று நிறுவப்படவில்லை என மருத்துவர் கூறியதால், இப்போதைக்குக் குறித்த இடைவெளியில் மார்பு, வயிற்று ஸ்கேன்கள் மட்டும் எடுத்து வருகிறோம்.