மரை கழலாத கதைகள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

துருப்பிடித்தவன்

மூன்று நாட்களாக ஒரே ஒரு இரும்புக் கிண்ணத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறேன். பழைய ஸ்டீல் சைக்கிள் ஒன்றைப் பிரித்துப் பெயின்ட் அடிக்கலாம் என்று இறங்கினேன். ஹேண்டில்பார், சங்கிலி, கிராங்க் எல்லாம் சமர்த்தாக வந்துவிட்டன. பெடல் அச்சைத் தாங்கும் வலப்பக்கக் கிண்ணம் மட்டும் அசையவே இல்லை.

முதல் நாள் எண்ணெய் விட்டு ஸ்பேனர் போட்டேன். இரண்டாம் நாள் ஸ்பேனர் கைப்பிடியில் குழாயைச் செருகி நீளமாக்கி, மேலே ஏறியே நின்றேன். ஸ்பேனர் நழுவியது, விரல் முட்டி சட்டத்தில் மோதித் தோல் உரிந்தது. மூன்றாம் நாள் காலையில்தான் ஒரு சந்தேகம் வந்து தேடிப் பார்த்தேன். பெரும்பாலான பழைய சைக்கிள்களில் அந்தக் கிண்ணத்துக்கு 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. வலப்பக்கம் இருப்பது இடமரை, வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். அதாவது, இரண்டு நாளும் நான் கழற்றவில்லை, இறுக்கிக்கொண்டிருந்தேன்!

ஏன் இடமரை? பென்சிலைக் கைக்குள் தளர்வாகப் பிடித்து, அதன் ஒரு முனையை வட்டமாகச் சுற்றிப் பாருங்கள். சுற்றுகிற திசைக்கு எதிராகப் பென்சில் தானே உருளும். அச்சும் கிண்ணத்துக்குள் இதே வேலையைத்தான் செய்கிறது. சாதாரண மரையாக இருந்தால் ஓட்ட ஓட்டத் தானாகவே கழன்றுவிடும். இத்தாலிய முறைச் சட்டங்களில் இரண்டு பக்கமும் சாதாரண மரைதான். அவற்றின் வலப்பக்கக் கிண்ணம் அடிக்கடி தளரும் என்ற புகார் அதனால்தான்.

சரியான திசை தெரிந்த பிறகும் கிண்ணம் வரவில்லை. அதன் விளிம்பு மெல்லியது, ஸ்பேனர் பிடிக்க இடமே இல்லை. கடைசியில் ஒரு பழைய உபாயம் கைகொடுத்தது. கிண்ணத்தின் நடு ஓட்டை வழியாக உள்ளிருந்து பருமனான போல்ட் ஒன்றை நுழைத்து, இரண்டு பக்கமும் வாஷர் போட்டு, வெளியே நட்டைக் கொடுத்து முடிந்த மட்டும் இறுக்கினேன். அப்புறம் போல்ட் தலையை விட்டுவிட்டு நட்டை மட்டும் வலஞ்சுழியாகத் திருப்பினேன். நட்டுக்கு அது இறுகுகிற திசை, இடமரைக் கிண்ணத்துக்கோ கழலுகிற திசை. எவ்வளவு அழுத்துகிறேனோ அவ்வளவு பிடி கூடும், நழுவ வழியே இல்லை. 'டொக்' என்று ஒரு சத்தம். அந்த டொக்கைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும் அது என்ன சுகம் என்று.

உங்களிடமும் இப்படி ஒன்று இருக்குமே, எழுதுங்கள். எந்தப் பொருளாக இருந்தாலும் பரவாயில்லை. எனக்குப் பின்சக்கரப் பல்சக்கரம் இன்னும் பாக்கி இருக்கிறது, அதற்கும் யோசனை சொன்னால் புண்ணியமாகப் போகும்.

அவசரக்குடுக்கை

இடப்பக்கப் பெடலும் இடமரைதான். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அந்தக் கிராங்கை எடைக்குப் போட்டாயிற்று.

ஓய்வுபெற்ற ஆர்மரர்

தம்பி, உன் போல்ட் உபாயத்தைப் படித்ததும் பழைய ஞாபகம் வந்துவிட்டது. நான் படையில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தவன். ரைஃபிளின் குழலை ரிசீவரிலிருந்து, அதாவது குழல் மாட்டியிருக்கும் நடு உடலிலிருந்து, கழற்றுவது எங்களுக்கு வாடிக்கையான வேலை. ஆனால் சில குழல்கள் வாடிக்கைக்கு அடங்காது.

ஒரு பழைய போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வந்தது, தோட்டாவை அடைக்கும் போல்ட் என்ற பாகத்தைக் கையால் இழுத்துத் தள்ளுகிற வகை. குழலின் உட்புற வரிகள் தேய்ந்து முடிந்துவிட்டன, மாற்ற வேண்டும். உள்ளே ஒன்றும் இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் மேசையில் வைப்போம். ஆயிரமாவது தடவையானாலும் அதில் மாற்றமில்லை. குழலை அதற்கென்றே உள்ள வைஸில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே பிடித்து, ரிசீவரின் முன்வளையத்தில் ரெஞ்சைப் பொருத்தித் திருப்பினேன். ரெஞ்ச் அருமையாகத் திரும்பியது. கூடவே குழலும் வைஸுக்குள் அப்படியே சுற்றியது. மரையில் ஒரு நூல்கூட அசையவில்லை. குழலின் மேல் பளபளவென்று ஒரு வளையம் தேய்ந்ததுதான் மிச்சம்.

புதியவர்கள் இங்கேதான் கெடுக்கிறார்கள். உடனே இன்னும் நீளமான கைப்பிடி தேடுவார்கள். குறை கைப்பிடியில் இல்லை, பிடிப்பில் இருக்கிறது. குழல் நழுவுகிறவரை நீ போடுகிற பலமெல்லாம் மரைக்குப் போவதே இல்லை, வழியிலேயே ஒழுகிவிடுகிறது. குழலிலும் கட்டையிலும் இருந்த எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, நடுவில் ரோசின் பொடி தூவினேன். வயலின் வில்லுக்குத் தேய்ப்பார்களே, அதே பைன் மரப்பிசின்தான். வைஸின் போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கினேன். அதற்குப் பிறகு நழுவவில்லை. ஆனாலும் கழலவில்லை.

ரெஞ்ச் விஷயத்திலும் ஒன்று உண்டு. அது முன்வளையத்தை, மரை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே, முழுதாக அணைத்துப் பிடிக்க வேண்டும். ரிசீவரின் பின்பக்கத்தில் கம்பியை நுழைத்துத் திருப்பினால் நடுவில் வெட்டுப்பட்டுத் திறந்திருக்கும் பகுதி முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய ரிசீவர் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், போல்ட்டைப் போட்டுத் தள்ளும்போதுதான் குட்டு வெளிப்படும். தீ வைத்துச் சூடாக்கலாமா என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். கூடாது. ரிசீவர் பதம் பார்த்துக் கடினமாக்கிய எஃகு. தீப்பிழம்பு பட்டால் அந்தப் பதம் போய்விடும். சுடும்போது முகத்துக்கு முன்னால் இருக்கிற பாகம் அது.

கடைசியில் கடைசல் இயந்திரத்துக்குக் கொண்டுபோனோம். குழல் எப்படியும் கழிவுதானே? ரிசீவரின் முகத்தில் அழுந்தி உட்கார்ந்திருந்த குழலின் தோள்பட்டைக்கு ஒட்டினாற்போல ஒரு பள்ளம் வெட்டினோம். மரையை இறுக்கி வைத்திருப்பதே அந்தத் தோள்பட்டையின் அழுத்தம்தான். பள்ளம் ஆழமானதும் அழுத்தம் விட்டுப்போயிற்று. மறுபடி வைஸில் வைத்துத் திருப்பினால், தண்ணீர்ச் செம்பின் மூடி மாதிரி வந்தது. குழலைக் காப்பாற்ற வேண்டும் என்றால் இந்த வழி ஆகாது.

எம்16 வகை ரைஃபிளில் கதை வேறு. குழலில் மரை கிடையாது. அலுமினிய மேல் ரிசீவரின் முனையில் மரை, அதன் மேல் ஏறும் ஒரு பெரிய நட்டுதான் குழலைப் பிடித்து நிறுத்தும். அதை இறுக்கும் அளவு 30 முதல் 80 அடி-பவுண்டு, ஏறக்குறைய 40 முதல் 108 நியூட்டன் மீட்டர். குழலைக் கழற்றுகிறேன் என்று குழலையே பிடித்துத் திருப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குழலில் ஒரு சின்ன முளை உண்டு, அது ரிசீவரின் வெட்டில் உட்காரும். குழலைத் திருகினால் அந்த வெட்டு அகன்றுபோகும். அப்புறம் குழல் எந்தக் காலத்திலும் நேராக நிற்காது. ஒருவன் ரிசீவரை வெறுமனே வைஸில் வைத்து நெருக்கி, வட்டத்தை முட்டை வடிவமாக்கிக் கொண்டுவந்தான். ரிசீவரின் வடிவத்துக்கே செய்த கட்டை இருக்கிறது, உள்ளே குழலின் பின்முனைப் பற்களில் பொருந்துகிற தண்டும் இருக்கிறது. இரண்டில் ஒன்று இல்லாமல் தொடவே வேண்டாம்.

திரும்பப் பூட்டும்போது அந்த மரைக்கு மாலிப்டினம் டைசல்ஃபைட் கிரீஸ் போடுவோம். கிராஃபைட் கலந்ததைப் போட மாட்டோம். அலுமினியத்துக்கும் எஃகுக்கும் நடுவில் கிராஃபைட் இருந்தால், ஈரம் பட்டதும் மின்கலம் மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரித்துவிடும். அடுத்தவனுக்குக் கழலாத மரையை நாமே செய்து வைத்ததாகிவிடும்.

இதெல்லாம் உரிமமும் பயிற்சியும் உள்ளவர்கள் செய்கிற வேலை என்பதைச் சொல்லிவிடுகிறேன். குழல் மாற்றிய ரைஃபிளைத் தோட்டா அறையின் இடைவெளியை அளவுகோல் போட்டுப் பார்க்காமல் சுடக் கூடாது.

சக்கரக்காரி

ஆர்மரர் ஐயா சொன்ன 'ஒழுகுகிற பலம்' என்பதை என் பட்டறைச் சுவரில் எழுதி ஒட்டப் போகிறேன்.

துருப்பிடித்தவன் அண்ணா, உங்கள் பல்சக்கரம் மரையில் ஏறும் வகை என்றால் அது கல்லாகத்தான் இருக்கும். நீங்கள் மேட்டில் மிதித்த ஒவ்வொரு மிதியும் அதை இறுக்கியிருக்கிறது. முதலில் உங்கள் பல்சக்கரத்துக்கு எந்தக் கருவி என்று சரியாகப் பாருங்கள். இரண்டே காது உள்ள பழைய வகை என்றால் காது உடையும். நான் மூன்று கருவிகளை உடைத்திருக்கிறேன். கருவியைப் பொருத்தியதும் அச்சின் நட்டை அதன் மேல் போட்டு அழுத்திப் பிடியுங்கள், அப்போதுதான் எகிறாது. அதற்கு மேல் ஸ்பேனர் தேடாதீர்கள். கருவியை வைஸில் நிற்க வைத்துப் பிடித்து, சக்கரத்தை மேலே கவிழ்த்து, ரிம்மை இரண்டு கைகளாலும் பிடித்து லாரி ஸ்டியரிங் மாதிரி இடப்பக்கம் திருப்புங்கள். அத்தனை பெரிய நெம்புகோல் வேறு எங்கே கிடைக்கும்?

'டொக்' கேட்டதும் நிறுத்திவிட்டு நட்டைத் தளர்த்த வேண்டும். மறந்து தொடர்ந்து திருப்பினால் அச்சு வளையும், இல்லையென்றால் நட்டின் மரை போகும்.

இன்னொன்று, ரிம் போய்விட்டதே என்று கம்பிகளை முதலில் வெட்டிவிடாதீர்கள். ஒரு தடவை வெட்டிவிட்டேன். கையில் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) மட்டும் மிச்சம், பிடிக்க ஒன்றுமே இல்லை. அந்த ஹப் இன்னும் பல்சக்கரத்தோடு என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க உட்கார்ந்திருக்கிறது.

கடைசல்

சூடு பற்றி ஒரு சின்னச் சேர்க்கை. சூடாக்கினால் எல்லாம் கழலும் என்று நினைப்பது தப்பு. அலுமினியம் சூட்டில் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அலுமினியச் சட்டத்துக்குள் எஃகுக் கிண்ணம் என்றால் கொதிநீர் ஊற்றுங்கள், ஓட்டை பெரிதாகும். எஃகுச் சட்டத்துக்குள் அலுமினிய சீட் கம்பம் என்றால் நேர் எதிர், சூடாக்கினால் இன்னும் நெருக்கும். அதற்குக் குளிரவைக்க வேண்டும்.

என் அனுபவம் என்னவென்றால், குழல் முனையில் மாட்டும் ஒரு பாகத்தை உரிமமுள்ள பட்டறை ஒன்று எங்களிடம் அனுப்பியிருந்தது. மரையில் பசை போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்கள். சிவப்பு நிற மரைப்பசை என்று நானே முடிவுகட்டி, 250 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, கையைச் சுட்டுக்கொண்டதுதான் பலன். அப்புறம் விசாரித்தால் அது செராமிக் பசை. 1000 டிகிரியைக்கூடத் தாங்குமாம். ஆனால் தண்ணீருக்குத் தாங்காது! ஒரு ராத்திரி வாளித் தண்ணீரில் ஊறப்போட்டேன், காலையில் சாதாரண ஸ்பேனருக்கே வந்துவிட்டது. துப்பாக்கிப் பாகத்தைத் தண்ணீரில் போடுவதா என்று என் உதவியாளர் முகத்தைச் சுளித்தது இன்னும் நினைவில் இருக்கிறது. கழன்றதும் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டோம்.

துருப்பிடித்தவன்

எல்லோருக்கும் நன்றி. ஆர்மரர் ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். குழாயைச் செருகி அதன் மேல் ஏறி நின்ற புத்திசாலி நான்தான்.

சக்கரக்காரி சொன்னபடியே செய்தேன். என்னிடம் இருந்த சின்ன வைஸ் மேசையோடு சேர்ந்து திரும்பியது, அதனால் நண்பனை மேசை மேல் உட்கார வைத்தேன். இரண்டாவது திருப்பலில் டொக். நண்பன் மேசை உடைந்துவிட்டது என்று குதித்து இறங்கினான். பல்சக்கரம் கையில் வந்துவிட்டது. உள்ளே மரை முழுக்கக் கருப்பாகக் காய்ந்த கிரீஸ், ஆனால் ஒரு மரைகூடச் சேதமில்லை.

அவசரக்குடுக்கை தம்பி, இடப்பெடலை இன்னும் கழற்றவில்லை. நாளைக்குத்தான். பெடலில் 'எல்' என்று பொறித்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுகிறேன்.