ஷீட்டுக்கு அடியில் இருக்கும் களிமண்: லைனர் வேலையில் பார்த்தவை

குப்பைக் கிடங்கின் கழிவுநீர் நிலத்தில் இறங்காமல் தடுக்க அடியில் போடும் களிமண்ணும் பிளாஸ்டிக் ஷீட்டும் சேர்ந்த தடுப்புதான் லைனர். அந்த ஷீட்டுகளை ஒட்டும் வெல்டிங் அனுபவங்களை இங்கே பலர் எழுதிவிட்டீர்கள். குப்பைக் கிடங்குகளில் லைனர் ஆய்வு பார்த்தவன் என்ற முறையில் நான் களிமண்ணிலிருந்து தொடங்குகிறேன். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் 1.5 மி.மீ. எச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) ஷீட்டுக்கு அடியில் 90 செ.மீ. மண் அடுக்கு கேட்டன. அதில் நீர் ஊடுருவும் அளவு விநாடிக்கு ஒரு செ.மீ.யில் கோடியில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

ஒரு தளத்தில் ரோலர் ஓட்டும் அண்ணன் என்னிடம் கேட்டார்: “சார், டென்சிட்டிதான் பாஸ் ஆயிடுச்சே, இன்னும் ஏன் நிறுத்தி வெச்சிருக்கீங்க?” அவர் கேட்டது நியாயம்தான். சாலை வேலையில் பழகிய எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும். நான் கடப்பாரையால் ஓரிடத்தைக் கிளறிக் காட்டினேன். உள்ளே களிமண் கட்டி கட்டியாக, காய்ந்த முகத்தோடு கிடந்தது. ஈரம் குறைவாக வைத்து உருட்டினாலும் அடர்த்தி வந்துவிடும். ஆனால் கட்டிகள் நசுங்கி ஒன்றோடொன்று சேராது, இடுக்கு வழியே தண்ணீர் போகும். மண் நன்றாக இறுகும் உகந்த ஈரத்தைவிட இரண்டு மூன்று சதவீதம் கூட்டி, ஷீப்ஃபுட் ரோலரால் (உருளையில் முட்டு முட்டாகக் கால்கள் உள்ள ரோலர்) சப்பாத்தி மாவு மாதிரி பிசைய வேண்டும். அடுத்த அடுக்கு போடுமுன் கீழடுக்கின் முகத்தைச் சொரசொரப்பாக்கவும் வேண்டும். அதைப் பார்த்த பிறகு அந்த அண்ணனே தண்ணீர் டேங்கர்காரரை விரட்ட ஆரம்பித்தார்.

வெயில் இன்னொரு தலைவலி. கோடையில் முடித்த அடுக்கை மூடாமல் விட்டால் ஒரே மதியத்தில் வெடிப்பு விடும். மேலே தண்ணீர் தெளித்தால் வெடிப்பு மறைவதுபோல் தெரியும், அதை நம்பக் கூடாது. கிளறி, ஈரமாக்கி, மறுபடி உருட்டத்தான் வேண்டும்.

ஷீட்டும் களிமண்ணும் ஒட்டிக் கிடந்தால்தான் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். ஷீட்டில் ஊசித்துளை இருந்தாலும் அடியிலேயே களிமண் அடைத்து நிற்கும். அந்தத் துளை ஒரு சுருக்கத்தின் மேல் விழுந்துவிட்டால் கழிவுநீர் அந்தச் சுருக்கம் போகும் தூரமெல்லாம் பரவும். 100 மீட்டர் ஷீட் 30 டிகிரி சூடேறினால் அரை மீட்டர் வரைகூட நீளும். அதனால்தான் மதியம் பார்த்தால் அலை அலையாக நிற்கிறது. நான் மதிக்கும் ஒரு வெல்டர், விடிந்ததும் ஷீட் படிந்திருக்கும் நேரத்திலேயே மேல்மண் போடச் சொல்லுவார். ரொம்ப இழுத்துப் போட்டாலும் ஆகாது, குளிர்ந்ததும் சரிவின் அடிமூலையில் ஷீட் தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும்.

ஷீட்டுகளை ஒட்டும் இரட்டைத் தையலில், இரு கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் ஏற்றிய காற்றழுத்தம் ஐந்து நிமிடம் நின்றுவிட்டது என்று கையெழுத்துப் போடாதீர்கள். மறுமுனையை வெட்டி, அங்கே காற்று சீறுகிறதா என்று பாருங்கள். சீறவில்லையென்றால் நடுவில் எங்கோ அடைப்பு, பாதித் தையல் சோதிக்கப்படவே இல்லை என்று அர்த்தம்.

சரிவுகளில் மட்டும் ஈரத்தைப் பற்றி இரட்டிப்புக் கவனம் வேண்டும், ஈரக் களிமண் மேல் ஷீட் வழுக்கும். 1988 மார்ச்சில் கலிபோர்னியாவின் கெட்டில்மன் ஹில்ஸ் கிடங்கில் கழிவுக் குவியலே சறுக்கி இறங்கியது, லைனர் அடுக்குகளுக்கு இடையிலான பிடிமானம் குறைவாக இருந்ததால். சரிவில் வழவழப்பான ஷீட்டை யாராவது போட வந்தால், அந்தக் களிமண்ணோடு சேர்த்து உராய்வுச் சோதனை செய்த அறிக்கையைக் கேளுங்கள்.

கடைசியாக, தையல் சோதனை முடிந்ததும் ஆய்வாளர் கிளம்பிவிடும் பழக்கம் மாற வேண்டும். ஷீட் கிழிவது பெரும்பாலும் அதற்குப் பிறகு, கழிவுநீர் வடிவதற்கான ஜல்லியை டோசர் ஷீட்டின் மேல் பரப்பும்போதுதான். ஜல்லி பரப்பி முடிக்கும்வரை அங்கே ஒருவர் நிற்க வேண்டும்.