பெண்களின் வெளிநாட்டுப் படிப்பு: சங்க நிதியை எந்த இடத்தில் செலவழிப்பது?

உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க வெளிநாடு போகும் பெண்களுக்கு உதவுவது என்று முடிவாகிவிட்டது. எப்படிக் கொடுப்பது என்பதுதான் இப்போதைய பேச்சு. ஆண்டுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவருடைய கல்விக் கட்டணத்தை முழுதாகக் கட்டிவிடலாம் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு முதுநிலைப் படிப்பின் கட்டணம் நம் மாதிரி சிறிய நிதியை ஒரே வாயில் விழுங்கிவிடும். கட்டணம் கட்டப் பெரிய இடங்கள் இருக்கின்றன. அவர்கள் பணம் எட்டாத இடம் ஒன்று உண்டு: விண்ணப்பம் போடத் தொடங்கும் நாளிலிருந்து முதல் மாத உதவித்தொகை கணக்கில் ஏறும் நாள் வரை. இடம் கிடைத்த பிள்ளைகளும் அந்த இடைவெளியில்தான் கழன்றுபோகிறார்கள். நம் பணம் அங்கே போக வேண்டும்.

பெரிய இடங்கள் என்று எவற்றைச் சொல்கிறேன்? பன்னாட்டு அணுசக்தி முகமை 2020-இல் தொடங்கிய மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா-கியூரி திட்டம் அணு அறிவியல் சார்ந்த முதுநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணமாக 20,000 யூரோ வரையும் வாழ்க்கைச் செலவுக்கு 20,000 யூரோ வரையும் தருகிறது. விண்வெளிப் பொறியியலில் முனைவர் பட்டம் படிக்கும் பெண்களுக்கு சோன்டா அமைப்பின் அமேலியா ஏர்ஹார்ட் உதவித்தொகை 1938 முதல் இருக்கிறது. ஷ்லம்பர்ஜே அறக்கட்டளை 2004-இல் தொடங்கிய திட்டம் வளரும் நாட்டுப் பெண்களின் முனைவர் ஆய்வுக்கானது. பிரிட்டிஷ் கவுன்சில் பெண்களுக்கென்றே நடத்தும் முதுநிலைத் திட்டமும் உண்டு. குழந்தையுள்ள தாய்மாருக்குக் கூடுதல் உதவியையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். தகுதியுள்ள நாடுகளின் பட்டியல் ஒவ்வொன்றிலும் வேறு, ஆண்டுக்காண்டு மாறுவதும் உண்டு. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை மட்டுமே நம்புங்கள். பழைய வாட்ஸ்அப் தகவலை நம்பி இறங்க வேண்டாம்.

இப்படி ஒன்று கிடைத்தால் கவலை தீர்ந்ததா என்றால், இல்லை. ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் முதுநிலை உதவித்தொகையைப் பாருங்கள் (இது பெண்களுக்கு மட்டுமானதல்ல). மாதம் 1,400 யூரோ. விமானச் சீட்டு, விசா, குடியேறும் செலவு எல்லாம் அதற்குள்ளேயே அடங்கும், தனியாகத் தரமாட்டார்கள். அந்த 1,400 வருவதோ போய்ச் சேர்ந்து கணக்குத் திறந்த பிறகு. சீட்டு வாங்கவும் அறைக்கு முன்பணம் கட்டவும் வேண்டிய பணம் அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் முழு நிதியுடன் முனைவர் படிப்புக்குப் போகிறவர்களுக்கும் இதே கதைதான். முதல் சம்பளம் வர ஒரு மாதமாவது ஆகும், சமூகப் பாதுகாப்பு எண் (வேலை செய்வோருக்கு அந்நாட்டு அரசு தரும் அடையாள எண்) தாமதமானால் அதற்கு மேலும் ஆகும்.

அமெரிக்க இடைவெளியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். விண்ணப்பக் கட்டணம் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பெரும்பாலும் 75 முதல் 125 டாலர். ஆறு இடம் என்றால் 450 முதல் 750. செவிஸ் கட்டணம் (வெளிநாட்டு மாணவர் பதிவுக்கு அமெரிக்க அரசு வாங்குவது) 350, விசா விண்ணப்பம் 185. இதற்கு மேல் டோஃபெல் அல்லது ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு, சில துறைகளுக்கு ஜிஆர்ஈ என்ற பொதுத் தகுதித் தேர்வு, விமானச் சீட்டு, அறை முன்பணம், முதல் மாத வாடகை, கட்டாய மருத்துவக் காப்பீடு. என் கணக்கில் ஒருவருக்கு 4,000 டாலர் இருந்தால் தாராளம். ஒருவருக்குக் கட்டணமாகக் கொடுக்க நினைத்த தொகையில் எட்டு பத்துப் பேரைக் கரையேற்றலாம். செலவைக் குறைக்கவும் வழி உண்டு: விண்ணப்பக் கட்டணத் தள்ளுபடி கேட்டு எழுதினால் பல துறைகள் தருகின்றன, ஆனால் விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன்பே கேட்க வேண்டும். ஜிஆர்ஈ மதிப்பெண்ணைத் தேர்வன்றே நான்கு இடங்களுக்கு இலவசமாக அனுப்பலாம், பிறகு ஒவ்வொன்றுக்கும் காசு. ஐஇஎல்டிஎஸ், டோஃபெல் மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும். அவசரப்பட்டு முன்கூட்டியே எழுதி, சேரும் காலத்தில் காலாவதியாகி, மறுபடி பணம் கட்டுவது அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது விசாவுக்குக் காட்ட வேண்டிய பணம். நல்ல மனதோடு செய்யும் உதவி வீணாகிப்போவது இங்கேதான்.

பிரிட்டன்: கல்விக் கட்டணத்தில் கட்டாமல் மிச்சமிருக்கும் தொகையோடு, ஒன்பது மாத வாழ்க்கைச் செலவையும் கணக்கில் காட்ட வேண்டும். 2025 நவம்பர் முதல் லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்டு, வெளியே 1,171. ஒன்பது மாதத்துக்கு 13,761, 10,539. அந்தப் பணம் மாணவியின் கணக்கிலோ பெற்றோர் கணக்கிலோ தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும், நடுவே ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. வங்கி அறிக்கையின் கடைசி நாள் விண்ணப்பத்துக்கு முந்தைய 31 நாளுக்குள் இருக்க வேண்டும். "செலவு முழுவதையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சங்கத் தலைவர் முத்திரை வைத்துக் கொடுக்கும் கடிதம் செல்லாது. அரசு, பல்கலைக்கழகம், பன்னாட்டு நிறுவனம் போன்றவற்றைத்தான் அதிகாரபூர்வ நிதி வழங்குநராக ஏற்பார்கள். மாமா, சித்தப்பா கணக்கும் உதவாது. ஆகவே கொடுப்பதென்றால் பணமாக, மாணவியின் கணக்கில், விண்ணப்பத்துக்குக் குறைந்தது ஐந்து வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். விமானச் சீட்டு வாங்க அதிலிருந்து 20 பவுண்டு எடுத்து, இருப்பு வரம்புக்குக் கீழே போனாலும் 28 நாள் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

கைக்குழந்தையோடு இருக்கும் பெண்களுக்கு ஒன்று. 2024 ஜனவரி முதல் பிரிட்டனில் வகுப்புவழி முதுநிலைப் படிப்பில் சேர்வோர், அரசு உதவித்தொகை பெறுவோர் தவிர, குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. ஆராய்ச்சிப் படிப்புகளுக்கு மட்டுமே அந்த அனுமதி. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்.

ஜெர்மனி: அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து வசூலிக்கிறது. ஆகக் கட்டணத்தைவிட முடக்கப்பட்ட வங்கிக் கணக்குதான் அங்கே மலை: 11,904 யூரோ போட்டு, மாதம் 992 மட்டும் எடுக்கலாம். விசா வந்ததும் இந்தப் பணத்தைத் திரும்ப வாங்கி அடுத்தவருக்குச் சுழற்றலாம் என்று ஒரு யோசனை வந்தது. அது நடக்காது. அந்த 992-இல்தான் அந்தப் பெண் சாப்பிட வேண்டும். கடனாகக் கொடுத்து, வேலைக்குப் போன பிறகு வாங்குவதே சரி. இதற்கு மாற்றாக, ஜெர்மனியில் வாழும் ஒருவர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் பொறுப்பேற்பு உறுதி எழுதிக்கொடுக்கலாம். நம் உறுப்பினர்கள் சிலர் இதற்கு ஆர்வமாக இருப்பார்கள் என்பதால் சொல்கிறேன்: அந்தக் கையெழுத்து ஐந்து ஆண்டுக்குக் கட்டுப்படுத்தும். மாணவிக்காக அரசு செலவழிக்க நேரும் தொகையைக் கையெழுத்திட்டவரிடம் கேட்பார்கள். சங்கம் யாரையும் இதற்கு வற்புறுத்தக் கூடாது.

அமெரிக்காவில் ஐ-20 (மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம்) வாங்கச் சங்கத்தின் கடிதம் வங்கிச் சான்றுடன் பெரும்பாலும் எடுபடும். அங்கே வேறு இரண்டு இடத்தில் கால் வைக்குமுன் பார்க்க வேண்டும். ஒன்று, வெளியிலிருந்து உதவித்தொகை வந்தது என்று தெரிந்தால் சில பல்கலைக்கழகங்கள் தாங்கள் தரும் உதவியில் அதே அளவைக் கழித்துவிடும். நம் பணத்தால் மாணவிக்கு ஒரு காசு லாபம் இருக்காது. பணம் அனுப்புமுன் நிதியுதவி அலுவலகத்தில் மாணவியே எழுத்தில் கேட்டுவிட வேண்டும். இரண்டாவது, வரி. பட்டப் படிப்பின் கட்டணம், கட்டாயப் புத்தகம் ஆகியவற்றுக்குப் போகும் தொகைக்கு வரி இல்லை. வாடகை, உணவு, பயணத்துக்குக் கொடுப்பது வருமானமாகிவிடும். அமெரிக்காவில் பதிவான சங்கம் அங்கே எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிக்கும் மாணவிக்கு அப்படிக் கொடுத்தால், பொதுவாக 14 விழுக்காடு பிடித்துக் கட்ட வேண்டும். பொருளாளர் இதை ஒரு கணக்காளரிடம் காட்டிவிட்டுச் செய்யட்டும்.

பெயர்க் குழப்பம் நமக்குப் புதிதல்ல. சான்றிதழில் முதலெழுத்து, பாஸ்போர்ட்டில் விரிவு, மதிப்பெண் அட்டையில் வேறொன்று. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் இருக்கும் ஒரே பெயர் குடும்பப் பெயராகி, முன்பெயர் இடத்தில் "எஃப்என்யு" (முன்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழும். அதற்குப் பிறகு வங்கி, ஓட்டுநர் உரிமம், சம்பளப் பட்டியல் எங்கும் அதே பெயர்தான். பாஸ்போர்ட்டைத் திருத்தும் செலவையும் நம் உதவியில் சேர்க்கலாம், தேர்வுக்குப் பதிவு செய்யுமுன் செய்தால்.

பிரிட்டனில் பதிவான நம் கிளைக்கு ஒரு குறிப்பு. 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி, பெண்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டுமானால் அது அறக்கட்டளையின் விதியிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும், அந்தத் துறைகளில் பெண்களுக்குள்ள பின்னடைவை ஈடுசெய்யவே என்று காரணமும் காட்ட முடிய வேண்டும். பொதுக்குழுத் தீர்மானம் மட்டும் போதாது.

வயது வரம்பு வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. திருமணம், பிள்ளைப்பேறு என்று நான்கைந்து ஆண்டு இடைவெளி விட்டு வருகிறவர்களைத்தான் மற்றத் திட்டங்கள் வடிகட்டிவிடுகின்றன. "படித்து முடித்துத் திரும்பி வர வேண்டும்" என்ற பத்திரமும் வேண்டாம். அதை வைத்து நாம் யாரையும் நீதிமன்றத்துக்கு இழுக்கப் போவதில்லை, பயந்த குடும்பங்கள் மட்டும் விண்ணப்பிக்காமல் விலகும்.

பணத்தை மூன்று தவணையாகக் கொடுக்கலாம். முதல் தவணை விண்ணப்பத்துக்கும் தேர்வுக்கும், செப்டம்பரிலேயே, ரசீதின் பேரில். இரண்டாவது, அனுமதிக் கடிதம் வந்த பின் விசாவுக்கும் சீட்டுக்கும். அமெரிக்க முனைவர் இடங்களில் நிதியுதவிக்குப் பதில் சொல்லப் பொதுவாக ஏப்ரல் 15 வரை அவகாசம் உண்டு. எங்கே சேர்வது என்று அதற்குள் முடிவாகிவிடும் என்பதால் ஏப்ரல் 20-ஐ நம் கெடுவாக வைக்கலாம். மூன்றாவது, அறை முன்பணமும் முதல் மாதச் செலவும். இதைப் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு, பயணத்தில் செல்லும் பன்னாட்டு அட்டையிலேயே ஏற்றிக் கொடுத்துவிட வேண்டும். போய் இறங்கிய பிறகு அனுப்பலாம் என்றால், அங்கே கணக்குத் திறக்க முகவரி கேட்பார்கள், முகவரிக்கு அறை வேண்டும், அறைக்கு முன்பணம் வேண்டும்.