சீட்டு கழண்டும் ஜெயிச்சவங்க: நீங்க பார்த்ததை, கேட்டதை சொல்லுங்க

ஒடுகத்தூர் அக்கா

வணக்கம் மக்களே. சைக்கிள் ரேஸ்ல பெரிய ஆளுங்களை நேர்லயோ டிவிலயோ பார்த்து அது மனசுல ஒட்டிக்கிட்ட கதை இருந்தா இங்க எழுதுங்க. நான் நேர்ல யாரையும் பார்த்ததில்ல, வேலூர் பாகாயத்துல ஆஸ்பத்திரி கட்டில் பக்கத்துல உக்காந்து ஒரு கீறல் விழுந்த போன்ல பார்த்தது தான். முதல்ல அதை சொல்லிடறேன்.

2018 மாசி மாசம் என் தம்பி புளி உலுக்க மரம் ஏறுனான். எங்க பக்கம் அந்த சீசன்ல வீட்டுக்கு ஒருத்தன் மரத்து மேல தான் இருப்பான். கிளை முறிஞ்சு கீழ வந்தவன் எழுந்திரிக்கல. முதுகெலும்புல அடி, இடுப்புக்குக் கீழ கிள்ளுனாலும் தெரியல. ஆபரேஷன், அது இதுன்னு அலைஞ்சு ஆவணி வாக்குல தான் பாகாயம் ரிஹாப்ல, அதான் மறுவாழ்வு மையத்துல, சேர்த்தோம். அங்க இருந்தவங்களுக்குத் தெரியும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வெக்கணும் இல்லன்னா படுக்கைப்புண்ணு வந்துரும், ராத்திரி அலாரம் வெச்சு எழுந்து நான் தான் புரட்டுவேன், அவன் முழிச்சிட்டுத் தான் இருப்பான், ஆனா பேச மாட்டான். வயசு 22. "தண்ணி", "போதும்", இது ரெண்டு தான் வாயில வரும்.

அங்க பிசியோ படிக்கிற பையன் ஒருத்தன், சைக்கிள் பைத்தியம். லீவு நாள்ல ஏலகிரி பதினாலு வளைவும் மிதிச்சே ஏறுவானாம். அவன் ஒரு நாள் எக்சர்சைஸ் முடிச்சிட்டு போனை நீட்டி "இதைப் பாருண்ணா"ன்னான். 2016 ரியோ ஒலிம்பிக், பொம்பளைங்க ஸ்பிரிண்ட் ஃபைனல். ஜெர்மனி கிறிஸ்டினா ஃபோகல், எதிர்ல பிரிட்டன் பெக்கி ஜேம்ஸ். ரெண்டே பேரு, மூணு சுத்து. ஆரம்பத்துல ரேஸ் மாதிரியே இல்ல, ரெண்டு பேரும் கோயில் சுத்தற மாதிரி மெதுவா போறாங்க, முன்னாடி போறவ திரும்பித் திரும்பிப் பாக்கறா. "இன்னாடா இது, தண்ணி லாரிக்குக் குடம் வெச்சிட்டு ஒருத்தியை ஒருத்தி நோட்டம் விடற மாதிரி கீது"ன்னேன். முன்னாடி போறவ காத்தைத் தள்ளிக்கிட்டுப் போகணும், பின்னாடி இருக்கறவ அந்த மறைவுல தெம்பை சேர்த்து வெச்சு கடைசில தாண்டிடுவா, அதனால யாரு முதல்ல கிளம்பறதுன்றது தான் ஆட்டமேன்னு பையன் சொன்னான். அப்புறம் கிளம்புனாங்க பாருங்க, கண்ணு பின்னாலயே ஓட முடியல. கோட்டுல சைக்கிளை முன்னால தள்ளி முடிக்கற அந்த நேரத்துல ஃபோகல் சீட்டு கழண்டு விழுந்துடுச்சி. சீட்டே இல்லாம, விழாம, தங்கம்.

தம்பி மெதுவா வாயைத் திறந்தான். "சீட்டு இல்லன்னா கம்பி குத்தாது?"

ரெண்டு மாசத்துல அவன் பேசுன முதல் முழு வாக்கியம் அது தான். நானும் பிசியோ பையனும் சிரிச்சிட்டோம். அப்புறம் தான் பிசியோ பையன் ஃபோகல் பத்தி மிச்சத்தை சொன்னான். அதே 2018, ஜூன் 26. ஜெர்மனில கோட்புஸ்ன்ற ஊர்ல ட்ரெயினிங். 60 கிலோமீட்டர் வேகம் கிட்ட போறப்ப, தடத்துல ஸ்டார்ட் எடுத்துப் பழகிட்டு இருந்த நெதர்லாந்து வீரர் மேல மோதி விழுந்து, முதுகுத்தண்டு மார்புப் பக்கம் ஏழாவது எலும்பு கிட்ட அறுந்துடுச்சி. செப்டம்பர்ல தான் அவங்களே வாயால வெளிய சொன்னாங்க, இனிமே நடக்க முடியாதுன்னு. நாங்க அந்த வீடியோ பார்த்ததும் அதே செப்டம்பர் தான்.

ஏற்கனவே 2009ல ரோட்ல ட்ரெயினிங் போறப்ப வேன் மோதி ரெண்டு நாள் கோமால வெச்சிருந்தாங்களாம். பல்லு கூட போயிருந்துச்சாம். உலக சாம்பியன் பட்டம் 11, ஒலிம்பிக் தங்கம் ரெண்டு, எல்லாமே அதுக்கு அப்புறம் வாங்குனது. பிசியோ பையன் இதை சொன்னது தம்பிக்கு தைரியம் வரட்டும்னு. தம்பி கேட்டுட்டு சுவத்துப் பக்கம் பார்த்துக்கிட்டே சொன்னான், "அவங்களுக்கு ஜெர்மனி கீதுடா. எனக்கு இன்னா கீது, ஒடுகத்தூர் தான?"

என்ன பதில் சொல்றது. உண்மை தான. நான் ஆரஞ்சு உரிக்கப் போயிட்டேன்.

கம்மவான்பேட்டை மாமா

அம்மா, படிச்சேன். தம்பிக்கு என் அன்பை சொல்லு.

நான் ஆர்மில இருந்து ரிட்டயர்டு. எங்க ஊர்ல அது ஒண்ணும் பெரிய சேதி இல்ல, தெருவுக்குப் பத்து பேர் அப்படித் தான். 2010ல டெல்லில இருந்தேன், காமன்வெல்த் போட்டி நடந்த சமயம். கூட வேலை செஞ்ச அரியானாக்காரன் மல்யுத்தம் பாக்கலாம்னு இழுத்துட்டுப் போனான், அந்த டிக்கெட் தீந்துடுச்சி, கிடைச்சது இந்திரா காந்தி ஸ்டேடியம் வளாகத்துல சைக்கிள். சைக்கிளை எதுக்குடா காசு குடுத்துப் பாக்கணும், எங்க ஊரு காட்பாடி மேம்பாலத்துல தினம் பாக்கறேன்னு திட்டிக்கிட்டே தான் போனேன்.

உள்ள போனா ஏசி, மர வாசனை. தடம் முழுக்க பலகை, ஒரு சுத்து 250 மீட்டர், வளைவுல 40 டிகிரிக்கு மேல சாய்வு, ஷூ போட்டு நடந்தா சறுக்கி கீழ வந்துருவோம், அதுல போய் இவங்க மேல ஏறி பொறுமையா நிக்கறாங்க. நிஜமா நிக்கறாங்க, கால் ஊனாம சைக்கிள் மேல அப்படியே அசையாம. சின்ன வயசுல திருவிழால மரணக் கிணறு பார்த்திருப்பீங்க, அதுல ஆளுங்க கத்தறதும் மோட்டார் சத்தமும் தான் பயம் காட்டும். இங்க மோட்டார் இல்ல. சக்கரம் பலகை மேல ஓடற உர்ர்னு ஒரு சத்தம் மட்டும், சுத்தி வந்து உங்களைத் தாண்டறப்ப காத்து மூஞ்சில அடிக்கும்.

அன்னிக்கு ஆஸ்திரேலியா அன்னா மியர்ஸ். தொடையைப் பார்த்தா எங்க ரெஜிமென்ட் கபடி பசங்க வெக்கப்படணும். அந்தப் போட்டில மூணு தங்கம், 500 மீட்டர், ஸ்பிரிண்ட், டீம் ஸ்பிரிண்ட். எனக்கு அப்ப இவங்க யாருன்னே தெரியாது, அரியானாக்காரனுக்கும் தெரியாது, பக்கத்துல உக்காந்திருந்த ஒரு வெள்ளைக்காரம்மா கழுத்தைத் தொட்டுத் தொட்டு என்னவோ சொல்லிக்கிட்டே இருந்தாங்க, கழுத்து வலி போலன்னு நினைச்சிட்டேன். ரொம்ப நாள் கழிச்சுத் தான் தெரிஞ்சது. 2008 ஜனவரில லாஸ் ஏஞ்சல்ஸ்ல விழுந்து அன்னாவுக்குக் கழுத்துல ரெண்டாவது எலும்பு முறிஞ்சுது. இன்னும் கொஞ்சம் முறிஞ்சிருந்தா ஆள் இல்ல. அதுல இருந்து ஏழு மாசத்துல பெய்ஜிங் ஒலிம்பிக் வெள்ளி. அப்புறம் 2012 லண்டன்ல, பிரிட்டன்காரங்க சொந்த மண்ணுல, அவங்க விக்டோரியா பெண்டில்டனையே தோக்கடிச்சு ஸ்பிரிண்ட் தங்கம்.

ஒரு விஷயம் கவனிச்சியாம்மா. டெல்லில அன்னா கிட்ட ஸ்பிரிண்ட் ஃபைனல்ல தோத்து வெள்ளி வாங்குன சின்னப் பொண்ணு யாரு தெரியுமா? உன் தம்பி பார்த்த வீடியோல ஃபோகல் கிட்ட தோத்த அதே பெக்கி ஜேம்ஸ். ஆறு வருஷம் கழிச்சு மறுபடி ஃபைனல், மறுபடி வெள்ளி. அந்தப் பொண்ணு கதையையும் யாராச்சும் எழுதணும்.

பேரணாம்பட்டு தம்பி

அந்த சைக்கிள்ல பிரேக் கிடையாதாமே மாமா? அப்ப எப்படி நிறுத்துவாங்க, செருப்பு தேச்சா?

கம்மவான்பேட்டை மாமா

பிரேக் கிடையாது, ஃப்ரீ வீலும் கிடையாது. சக்கரம் சுத்தினா பெடலும் சுத்தியே ஆகணும். காலை சும்மா வெச்சிக்க முடியாது. மெதுவாக்கணும்னா காலாலயே எதிர்ப்பு குடுக்கணும், இல்ல சாய்வுல மேல ஏத்தி வேகத்தைக் கொல்லணும். செருப்பு தேச்சா மாவுக்கட்டு தான்.

குடியாத்தம் பொண்ணு

நான் ஸ்கூல் படிக்கிறப்ப அண்ணா பிறந்தநாள் மிதிவண்டிப் போட்டில 15 கிலோமீட்டர் ஓட்டினேன். கியர் வண்டி கூடாது, நம்ம ஊரு சாதா சைக்கிள் தான். எனக்கு கவர்மெண்ட் குடுத்த சைக்கிள், கூடையைக் கழட்டிட்டு ஓட்டினேன், கூடையைக் கழட்டினதுக்கு வீட்ல திட்டு. பிளேஸ் வரல. ஆனா அப்ப எங்க பி.டி. மிஸ் சைக்கிள் வீராங்கனை டெபோரா ஹெரால்டு பத்தி சொன்னாங்க. நிக்கோபார்ல பிறந்தவங்க, 2004 சுனாமில சின்னப் பொண்ணா மரத்தைப் புடிச்சுக்கிட்டே நாள் கணக்குல உயிரோட இருந்தவங்க, அப்புறம் 500 மீட்டர்ல உலக ரேங்க் நாலு வரைக்கும் போனாங்க. எனக்கு அந்த ரேங்க் பெருசாத் தெரியல, மரம் தான் மனசுல நின்னுச்சு. அக்கா தம்பி மரத்துல இருந்து விழுந்தாரு, இவங்க மரத்தால பொழைச்சாங்க. சொல்லக் கூடாதோ, தோணுச்சு சொல்லிட்டேன்.

ஆரணி தாத்தா

சின்னப் பசங்களா, உங்க ஒலிம்பிக் எல்லாம் இருக்கட்டும். எங்க காலத்துல ஊர் மைதானத்துல கம்பம் நட்டு ரிக்கார்டு போட்டு ஒருத்தன் ஏழு நாள் சைக்கிளை விட்டு இறங்காம சுத்துவான். குளியல், சாப்பாடு, சவரம் எல்லாம் வண்டி மேலயே. ராத்திரி ரெண்டு மணிக்கு அவன் இறங்கறானான்னு பாக்க நாங்க ஒளிஞ்சிருப்போம். ஒரு தடவை அவன் பொண்டாட்டி அவனுக்கு பதிலா ஒரு மணி நேரம் ஓட்டினா, புடவையை வரிஞ்சு கட்டிக்கிட்டு, அவனை விட நல்லா ஓட்டினா. துண்டுல காசு விழுந்தது என்னவோ அவனுக்குத் தான்.

காட்பாடி பையன், இப்ப ஏர்ஃபர்ட்

அக்கா, நான் இப்ப இருக்கறது ஃபோகல் ஊர்லயே. அவங்க பொறந்தது கிர்கிஸ்தான்ல, கைக்குழந்தையா ஜெர்மனிக்கு வந்தவங்க, சைக்கிள்ல பெரிய ஆளானது இங்க ஏர்ஃபர்ட்ல. இங்க ஆண்ட்ரியாஸ்ரீட்னு ஒரு ரேஸ் தடம் இருக்கு, 1885ல திறந்தது, இன்னும் பசங்க ஓட்டறாங்க. நான் 2019ல வந்து இறங்குன புதுசுல ரூம்மேட் பேச்சுவாக்குல, எங்க டவுன் கவுன்சிலர் ஒருத்தங்க 11 தடவை உலக சாம்பியன்னு சொன்னான். கவுன்சிலர்னதும் எனக்கு வெள்ளை வேட்டி, ஃப்ளெக்ஸ் பேனர், ஸ்கார்பியோ தான் ஞாபகம் வந்துச்சு. அப்புறம் பார்த்தா ஃபோகல். அடிபட்டு ஒரு வருஷம் கூட ஆகல, மே 2019 எலெக்ஷன்ல நின்னு ஜெயிச்சிட்டாங்க.

உங்க தம்பி கேட்டது நியாயம் தான். இங்க டிராம் தரைமட்டத்துக்கு வந்து நிக்கும், சக்கர நாற்காலி யாரு தயவும் இல்லாம உள்ள போயிடும். நம்ம பழைய பஸ் ஸ்டாண்ட்ல நினைச்சுப் பாருங்க. ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த செப்டம்பர் பேட்டில அவங்க பூசி மெழுகல. நாறிப்போச்சு, எப்படி சொன்னாலும் என்னால நடக்க முடியாது, இதான் நிலைமைன்ற மாதிரி தான் பேசினாங்க. எனக்கு அது தான் புடிச்சிருந்துச்சு. ஆஸ்பத்திரில சிரிச்சிட்டே போட்டோ எடுத்துப் போடறவங்களைப் பார்த்தா எனக்கு எரிச்சல் வரும்.

தோட்டப்பாளையம் சிஸ்டர்

ஒடுகத்தூர் அக்காவுக்கு. நான் 70கள்ல நர்சிங் படிச்சவ. "எனக்கு இன்னா கீது"ன்னு தம்பி கேட்டதுக்கு இப்பவாவது பதில் சொல்லுங்க. தம்பி படுத்திருந்த அந்த ரிஹாப் கட்டடத்தை ஆரம்பிச்சு வெச்சதே சக்கர நாற்காலில இருந்த ஒரு டாக்டரம்மா தான். மேரி வர்கீஸ். 1954 ஜனவரில அவங்க போன வண்டி கவுந்து முதுகுத்தண்டு போயிடுச்சி, இளம் டாக்டரு அப்ப. அதுக்கப்புறம் நாற்காலில உக்காந்துக்கிட்டே தொழுநோயாளிங்க கைக்கு ஆபரேஷன் பண்ணினாங்க. உக்காந்து செய்யற ஆபரேஷன் தான அது, எனக்கென்னன்னு. பெர்த், நியூயார்க்னு போய் படிச்சிட்டு வந்து டிபார்ட்மெண்ட் ஆரம்பிச்சாங்க, 1966ல பாகாயம் ரிஹாப் திறந்துச்சு. 1972ல பத்மஸ்ரீ.

நாங்க ஸ்டூடண்ட்ஸ் வராண்டால கூட்டமா வழியை அடைச்சிட்டு நிப்போம், பின்னாடி சக்கர சத்தம் கேட்டா பல்லி மாதிரி சுவத்துல ஒட்டிக்குவோம். மரியாதை பாதி, பயம் பாதி.

ஒடுகத்தூர் அக்கா

எல்லாருக்கும் நன்றி. தாத்தா, அந்த பொண்டாட்டி கதையைப் படிச்சிட்டு எங்க அம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

சிஸ்டர், மேரி வர்கீஸ் பேரு அங்க சுவத்துல பார்த்திருக்கேன், தினம் அதைத் தாண்டித் தான் கேன்டீன் போவேன். நின்னு படிச்சதில்ல. தம்பி கிட்ட உங்க பதிலைப் படிச்சுக் காட்டினேன். "அவங்க டாக்டருக்கா"ன்னான். இவனுக்கு எதை சொன்னாலும் ஒண்ணு வெச்சிருப்பான்.

இப்ப எப்படி இருக்கான்னு ரெண்டு மூணு பேர் கேட்டீங்க. வீட்டு வாசல்ல படியை இடிச்சு சரிவு போட்டாச்சு. மாற்றுத்திறனாளி அட்டைக்கு அலைஞ்சது தனிக் கதை, ஒரு ஆபீஸ் மாடில இருந்துச்சு, லிஃப்ட் இல்ல, ரெண்டு பேரு நாற்காலியோட தூக்கிட்டுப் போனாங்க, அங்க போனா கையெழுத்து போடறவர் சாப்பிடப் போயிட்டாரு. இப்ப அவனே செல்போன் ரிப்பேர் பாக்கறான், வருமானம் சுமார். வருஷா வருஷம் பாகாயத்துல ரிஹாப் மேளா நடக்கும், பழைய பேஷண்டுங்க எல்லாம் வருவாங்க, போன தடவை நாற்காலி ரேஸ்ல சேர்ந்தான். நாலாவது. நடுவுல திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போனான், எதுக்குடா நேரா பார்த்து ஓட்டாமன்னு கேட்டா, "ஃபோகல் அப்படித் தான்க்கா பார்க்கும்"னான். அது சைக்கிள்டா, காத்து மறைவுக்காக, நீ போன வேகத்துக்கு எங்கடா காத்துன்னேன், முறைச்சான்.

ரேஸ் முடிஞ்சு நாற்காலி டயர் பஞ்சர். பெரிய சக்கரம் 24 இஞ்சு, சின்ன சைக்கிள் டியூபே பொருந்துது, தெருமுனை சைக்கிள் கடைல தான் ஒட்டுவோம். கடைக்காரர் பஞ்சர் ஒட்டிட்டு சுத்திப் பார்த்து, "இன்னாபா, ஒரு பக்கம் பிரேக் கட்டை பிச்சிக்கிட்டு கீது, மாட்டி வுடட்டா"ன்னாரு.

"ரேஸ் வண்டிக்குப் பிரேக் கிடையாதுண்ணே."

அவரு என்னைப் பார்த்தாரு. நான் தலையை ஆட்டினேன். மாட்டி வுட்டு அறுபது ரூபா வாங்கிட்டாரு.