ஸ்டூடியோவுக்கு ஹார்ட் டிஸ்க்: 5 டிபி ஒன்று வாங்கினால் போதுமா?

ஆடிமாத ஸ்டூடியோ

வணக்கம். பட்டுக்கோட்டைப் பக்கம் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். நானும் ஒரு பையனும்தான். ஆடி பிறந்துவிட்டது, கல்யாண வேலை இல்லை. வருடா வருடம் தள்ளிப்போடும் ஒரு வேலையை இந்தத் தடவை கையில் எடுத்திருக்கிறேன்: பழைய ஃபைல்களை ஒழுங்குபடுத்துவது.

ஒரு கல்யாணம் என்றால் முதல் நாள் வரவேற்பு, மறுநாள் முகூர்த்தம் எல்லாம் சேர்த்து, வீடியோவும் ரா போட்டோவுமாக (கேமரா சுருக்காமல் பதிகிற மூலப் படம்) 150 ஜிபி வரும். வருடத்துக்கு இருபது கல்யாணம். காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு தனி. இதெல்லாம் இப்போது 1 டிபி, 2 டிபி என்று ஏழு போர்ட்டபிள் டிஸ்க்கில் சிதறிக் கிடக்கிறது. எதில் எது என்று பையனுக்குத்தான் தெரியும். அவனுக்கும் பாதிதான் தெரியும்.

எட்டாவதாக ஒன்று இருந்தது. போன வைகாசியில் எடிட்டிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிள் என் காலில் மாட்டி, டிஸ்க் மேஜையிலிருந்து கீழே விழுந்தது. எடுத்துச் செருகினால் டிக், டிக், டிக். டேட்டா மீட்டுத் தருகிற ஒரு இடத்துக்குச் சென்னைக்கு அனுப்பினேன். 28,000 ரூபாய் ஆகும், கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். அதில் ஒரு காதுகுத்து இருந்தது. ஆல்பம் கொடுத்தாயிற்று, வீடியோ கொடுக்கவில்லை. மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்துகிற இடம் முழுக்க வீடியோவில்தான். அந்தத் தாய்மாமன் கடைத்தெருவில் எதிரே வந்தால் இன்றைக்கும் நான் அடுத்த சந்தில் திரும்பிவிடுகிறேன்.

கேள்வி இதுதான். 5 டிபி போர்ட்டபிள் ஒன்றை வாங்கி, ஏழில் இருப்பதையும் அதில் கொட்டிவிட்டு, பழையதை அழித்து அடுத்த சீசனுக்குப் பயன்படுத்தலாமா? விழுந்தால் தாங்குகிற கம்பெனி எது? ரப்பர் உறை போட்டது நல்லதா? சிலர் சுற்றும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வாங்கு என்கிறார்கள். பட்ஜெட் 35,000 வரை.

பழைய மேஜை

தம்பி, கம்பெனிக் கேள்வியை முதலில் விட்டுவிடுங்கள். சென்னை ரிச்சி தெருப் பக்கம் இருபது வருடமாகக் கணினி பழுது பார்க்கிறேன். என் மேஜைக்கு வராத கம்பெனி கிடையாது. ஹார்ட் டிஸ்க் தயாரிப்பவர்கள் இப்போது உலகத்திலேயே மூன்று பேர்தான்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. சாம்சங்கின் ஹார்ட் டிஸ்க் தொழில் 2011-ல் சீகேட்டுக்குப் போயிற்று, ஹிட்டாச்சியுடையது 2012-ல் வெஸ்டர்ன் டிஜிட்டலுக்கு. மேலே வேறு பெயர் இருந்தாலும் உள்ளே சுற்றுவது இந்த மூவரில் ஒருவர் செய்ததுதான். மூன்றில் எது உங்கள் ஊர்க் கடையில் பில்லோடும் வாரண்டியோடும் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். ஆனால் ஒன்று: வாரண்டி என்பது புது டிஸ்க் தருவார்கள் என்பது மட்டும்தான். காதுகுத்தைத் தர மாட்டார்கள்.

விழுந்தால் தாங்குவதா? உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5,400 தடவை சுற்றுகிறது. படிக்கிற ஹெட் அதன் மேல் சில நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கிறது. டிஸ்க் அணைந்திருக்கும்போது ஹெட் ஓரமாக ஒதுங்கி நிற்கும். அந்த நேரத்தில் விழுந்தால் பிழைத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது, ரப்பர் உறையும் கொஞ்சம் உதவும். ஓடும்போது விழுந்தால் எந்த உறையும் காப்பாற்றாது. நீங்கள் கேட்ட டிக் டிக், ஹெட் தன் இடம் தெரியாமல் தேடித் தேடித் திரும்புகிற சத்தம். அதைக் கேட்டதும் பிடுங்கி வைத்துவிட வேண்டும். "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று நாலு தடவை செருகித்தான் பாதிப் பேர் தட்டில் கீறல் போட்டுக்கொண்டு என்னிடம் வருகிறார்கள்.

ஆகவே போர்ட்டபிள் டிஸ்க்கில் வைத்து எடிட் செய்யாதீர்கள். எடிட்டிங் கணினிக்குள் இருக்கும் எஸ்எஸ்டியில் நடக்கட்டும். எஸ்எஸ்டியில் சுற்றுகிற பாகம் இல்லை, வேகமும் அதிகம், அந்த வேலைக்கு அதுதான் சரி. ஆனால் மின்சாரமே காட்டாமல் வருடக்கணக்கில் பீரோவில் போட்டு வைக்க எஸ்எஸ்டி ஆகாது. விலையும் அந்த அளவுக்குக் கட்டாது.

இப்போது உங்கள் 5 டிபி யோசனை. பழையதிலிருந்து புதியதுக்கு மாற்றிவிட்டுப் பழையதை அழித்தால் அது பேக்கப் இல்லை தம்பி, வீடு மாற்றுவது. இன்றைக்கு ஒரு டிஸ்க் போனால் ஏழில் ஒரு பங்கு போகும். நாளைக்கு ஒன்று போனால் ஸ்டூடியோவே போகும். உங்கள் தொழில்காரர் ஒருவர், பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர், 3-2-1 என்று ஒரு கணக்கைப் பிரபலமாக்கினார். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு வீட்டில். அத்தனையும் முடியாது என்றால் குறைந்தது இரண்டு டிஸ்க், இரண்டு வீடு. இதற்குக் கீழே நான் பேரம் பேச மாட்டேன்.

அலமாரியில் இருக்கப்போகிற டிஸ்க் சட்டைப்பையில் அடங்க வேண்டிய அவசியம் என்ன? 3.5 அங்குல டெஸ்க்டாப் வகை எக்ஸ்டர்னல் பாருங்கள். தனி அடாப்டர் வேண்டும், அதை யூபிஎஸ்ஸில் போடுங்கள். அதே பணத்துக்கு அதிக இடம் கிடைக்கும். இன்னொரு காரணமும் உண்டு. பல போர்ட்டபிள்களில் யூஎஸ்பி முனையை டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். முனை ஆடிப்போனால் டிஸ்க்கை மட்டும் கழற்றி வேறு கணினியில் மாட்ட முடியாது. பெரிய வகையில் பெரும்பாலும் உள்ளே இருப்பது எந்தக் கணினியிலும் மாட்டக்கூடிய சாதாரண சாட்டா டிஸ்க்.

4 டிபி, 5 டிபி போர்ட்டபிள்கள் எஸ்எம்ஆர் முறையில் எழுதுபவை. கூரையில் ஓடு வேய்வது போல ஒரு தடத்தின் ஓரத்தின் மேல் அடுத்த தடம் ஏறி உட்காரும். நடுவில் ஒரே ஒரு ஓடு மாற்ற வேண்டுமென்றால் பக்கத்தில் உள்ளதையும் கிளப்ப வேண்டும் அல்லவா, அதேதான். ஒரு முறை நிரப்பி வைக்கத் தொந்தரவு இல்லை. அழித்து அழித்து எழுதினால் நத்தையாகிவிடும்.

டிஸ்க்கின் உடல்நிலை சொல்கிற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் ஏழையும் போட்டுப் பாருங்கள், இலவசம்தான். 05 (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்), சி5 (படிக்கத் திணறுகிற இடங்கள்) என்ற இரண்டு வரிகள் பூஜ்யமாக இருக்க வேண்டும். மஞ்சள் காட்டுகிற டிஸ்க் இருந்தால் காப்பியை அதிலிருந்து தொடங்குங்கள்.

நெல்லை எடிட்டர்

அண்ணன் சொன்னது எல்லாம் சரி. நான் மறுமுனையில் இருக்கிறவள். நாலைந்து ஸ்டூடியோக்கள் எனக்கு டிஸ்க் அனுப்பும், நான் ஆப்பிளின் மேக் கணினியில் எடிட் செய்து திருப்பி அனுப்புவேன். என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்து அனுப்புகிறார்கள். மேக் அதைப் படிக்கும், எழுதாது. ஒருவர் ஃபேட்32 என்ற பழைய முறையில் அனுப்பினார். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, முகூர்த்த வீடியோ பாதியில் நின்றுவிட்டது. கைமாறுகிற டிஸ்க்குக்கு எக்ஸ்ஃபேட் முறை போடுங்கள், விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும். ஆனால் எக்ஸ்ஃபேட் டிஸ்க்கை எஜெக்ட் செய்யாமல் வெடுக்கென்று பிடுங்கினால் கோப்பு அட்டவணை குழம்பிவிடும். உங்கள் ஸ்டூடியோவில் விண்டோஸ் மட்டும்தான் என்றால் அலமாரி டிஸ்க்குக்கு என்டிஎஃப்எஸ்ஸே இருக்கட்டும்.

அப்புறம் கேபிள். பழைய யூஎஸ்பி 2.0 கேபிளிலோ துளையிலோ போட்டால் நொடிக்கு 35 எம்பி வந்தாலே பெரிது. 4 டிபி காப்பி ஆக முப்பது மணி நேரத்துக்கு மேல். 3.0-ல் சராசரி 110 எம்பி என்று வைத்தாலும் பத்து மணி நேரத்தில் முடியும். வெட்டி ஒட்டாதீர்கள், காப்பி மட்டும். டெராகாப்பி என்ற மென்பொருளில் வெரிஃபை வசதியைப் போட்டால் எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். நேரம் கூடத்தான் ஆகும், ஆகட்டும்.

மெமரி கார்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன்பே கார்டிலிருந்து ஒரு டிஸ்க்குக்கு இறக்கிவிடுங்கள். ஸ்டூடியோவில் இரண்டாவது பிரதி ஆகும்வரை கார்டை ஃபார்மட் செய்யக் கூடாது. என்னிடம் அழுதுகொண்டு வந்த மூன்று பேரும் டிஸ்க் போய் வந்தவர்கள் இல்லை, கார்டை அவசரத்தில் ஃபார்மட் செய்தவர்கள்.

காரைக்குடி ஆச்சி வீடு

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். வீட்டுப் போட்டோக்களுக்காக இணையத்தில் 16 டிபி எஸ்எஸ்டி ஒன்று பார்த்தேன், 1,500 ரூபாய். நீங்கள் ஏன் 35,000 பட்ஜெட் போடுகிறீர்கள் என்று புரியவில்லை.

பழைய மேஜை

அம்மா, வாங்கிவிடாதீர்கள். பெட்டியைத் திறந்தால் ஒரு சின்ன மெமரி கார்டைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். 16 டிபி என்று பொய் சொல்லுமாறு அதை மாற்றி வைத்திருப்பார்கள். நீங்கள் போடுகிற முதல் கொஞ்சம் போட்டோ நன்றாகவே இருக்கும். இடம் தீர்ந்த பிறகும் "காப்பி ஆயிற்று" என்று சொல்லிக்கொண்டே போகும், திறந்தால் ஒன்றும் இருக்காது. ஏற்கெனவே வாங்கியிருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். வீட்டுக்கு 1 டிபி சாதாரண டிஸ்க் இரண்டு போதும். விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டும், அதற்குக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது.

ஆடிமாத ஸ்டூடியோ

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வந்திருக்கிறேன், நடந்ததைச் சொல்கிறேன்.

ஏழையும் சோதித்தோம். ஒன்று மஞ்சள், சி5-ல் எண் ஏறியிருந்தது. அதைத்தான் நான் "நல்ல டிஸ்க்" என்று தனியாக எடுத்து வைத்திருந்தேன். முதலில் அதை இறக்கினோம், இரண்டு ஃபைல் மட்டும் படிக்கவில்லை. இரண்டும் சாப்பாட்டுப் பந்தி, தப்பித்தேன்.

பையன் உட்கார்ந்து பட்டியல் எடுத்தான். ஒரே கல்யாணம் மூன்று டிஸ்க்கில் இருக்கிறது, "புதியது", "புதியது கடைசி", "இதுதான் கடைசி" என்ற பெயர்களில். ஏழையும் கூட்டியபோது 10 டிபி வந்தது, அதையெல்லாம் கழித்ததும் 4 டிபிக்குள் வந்துவிட்டது. கடைசியில் 8 டிபி டெஸ்க்டாப் வகை இரண்டு வாங்கினேன். பட்ஜெட் கொஞ்சம் தாண்டியது, வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஒன்று ஸ்டூடியோவில், ஒன்று பேராவூரணியில் மாமனார் வீட்டில். மாதம் ஒரு முறை போய் மாற்றி வரப்போகிறேன். மாமனாருக்கு இது ஹார்ட் டிஸ்க்குக்காக என்று தெரியாது, மாப்பிள்ளைக்குப் பாசம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பழையதில் நல்லதாக உள்ள 2 டிபி ஒன்று மண்டபத்துக்குக் கொண்டுபோகிற பையில் இருக்கும்.

இனிமேல் ரசீதிலேயே ஒரு வரி அச்சடிக்கிறேன்: ஆல்பமும் வீடியோவும் கொடுத்து ஒரு வருடம் வரைதான் மூல ஃபைல்கள் எங்களிடம் இருக்கும் என்று.

முதல் பிரதி முடிந்தது. இரண்டாவது இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது, 41 சதவீதம். லேப்டாப்பில்தான் போட்டிருக்கிறேன். இன்னும் ஆறு மணி நேரம் காட்டுகிறது. கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நெல்லை எடிட்டர்

ஸ்லீப் மோடை அணைத்தீர்களா?

ஆடிமாத ஸ்டூடியோ

வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.